விரலிடை

பல்லடம் தாண்டி, கேட்டால் மட்டும் பஸ் நிற்கும் பிரிவில்
எங்கள் ஹேச்சரி.
இராப்பணி. இருட்டறை.
மேசைக்கடியில் விளக்கு, மேலே தட்டு,
தட்டுக்கு நூற்றைம்பது முட்டை.
பத்தாம் நாள் என்றால்
சிவப்பு நரம்பு வேர்விட்டிருக்கும்.
வெளுத்ததைத் தனியே எடுக்கணும்.
ஆறு வருசமாய் என் கண்ணுக்கு இதுதான் வேலை.

எடுத்ததை உடைத்துப் பார்த்து
எந்த நாளில் நின்றதென்று எழுதுவது
டாக்டர் மேகலா.
அன்றைக்கு அவருக்குக் கை ஒழியவில்லை.
"நீங்களே உடைங்க கோகிலவாணி,
நான் எழுதிக்கறேன்."

உடைத்தேன்.
மிளகளவு கண். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத உடம்பு.
பாதம் மட்டும் துடுப்பு மாதிரி,
விரலுக்கு விரல் மெல்லிசாய்ச் சவ்வு.
"வாத்து முட்டை கலந்திருச்சுங்களா?"
நிமிராமல் சொன்னார்:
"கோழிதானுங்க. ஏழாம் நாள்.
எல்லாக் காலும் முதல்ல இப்படித்தான்."

நித்திலாவுக்கு வலது கையில்
நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியே பிறந்தவை.
அன்றே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது:
கிரகணத்தன்று இவள் எலுமிச்சை அரிந்தாள்.
அரிந்தேன்தான். தாகம்.
அரிவதற்கும் ஒட்டிக்கொள்வதற்கும்
என்ன உறவென்று ஒருவரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

அந்த இரவு கேட்டேன்,
தட்டுக்குத் தட்டு நடுவே, துண்டு துண்டாக.

கை முதலில் ஒரு மொட்டு.
மொட்டின் நுனிவரம்பு ஓயாமல் சொல்கிறது: பெருகு.
கேட்ட செல் இரண்டாகிறது. கேட்டுக்கொண்டே நீள்கிறது.
சுண்டுவிரல் ஓரத்திலிருந்து வேறொரு செய்தி கசிகிறது,
பிஏபி வாய்க்காலில் முறைத்தண்ணீர் விட்டாற்போல.
மடையை ஒட்டிய காடு முட்டக் குடிக்கும்,
அது சுண்டுவிரல்.
கொஞ்சம் நனைந்தது ஆள்காட்டி.
கடைமடைக்கு எட்டுவதேயில்லை,
எட்டாத இடத்தில் பெருவிரல்.
(கடைமடைக்காரர் மகள் நான்.
இதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தேன்.)

விரல்கள் வந்து நின்ற பிறகு
நடுச்சதைக்கு ஒரு சொல் போகும்:
போதும், நீ போய்க்கோ.
போய்விடும். சீழில்லை, வீக்கமில்லை,
தன்னைத்தானே மடித்துக்கொள்ளும்.
வாத்துக்குள் ஒன்று குறுக்கே நின்று
அந்தச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
அதனால் நீந்துகிறது.

"என் பாப்பாவுக்கு யாருங்க பிடிச்சு வச்சது?"
எலுமிச்சையையும் சொன்னேன், முதல்முறையாக.
டாக்டர் பேனாவை மூடினார்.
"தெரியலீங்க. எங்களுக்கும் பல நேரம் தெரியறதில்ல.
எலுமிச்சை இல்ல. அது தெரியும்."

கோயமுத்தூரில் பிரித்தார்கள்.
தொடையிடுக்குத் தோலை வைத்துத் தைத்தார்கள்.
ஆறியது. ஆறிய பிறகும் தழும்பு தடித்தது,
பெருகு என்பது மட்டும் காதில் விழுந்து
நில் என்பது விழாத மாதிரி.
காரணம்பேட்டையில் தறி ஓட்டும் என் வீட்டுக்காரர்
அதைத் தடவிப் பார்த்துச் சொன்னார்:
"இழை அறுந்தா எங்க தறி தானா நிக்குது.
உடம்புல அப்படியொண்ணு வைக்கலையா?"
வைத்திருக்கிறது. அதுவும் அறுகிறது.
தினம் படுக்கும்போது சிலிக்கான் பட்டையைச் சுற்றிக் கட்டுவது அவர்தான்.
எனக்கு அந்நேரம் தட்டு வந்துகொண்டிருக்கும்.

விடுப்பில் இருந்த ஒரு ராத்திரி கரண்ட் போனது.
செல்போன் விளக்கை அவள் உள்ளங்கைக்கு அடியில் பிடித்தேன்,
பழக்கதோசம்.
கை முழுக்கச் சிவந்தது.
இரண்டு விரலுக்கு நடுவே, தழும்பை மீறி,
சுவரில் ஒரு கீற்று விழுந்தது,
கோணலாக.

"அம்மா, நான் எத்தனாம் நாளு?"

ஆயிரத்து எண்ணூறு இருக்கும் என்றேன், தோராயமாக.
வெளுத்திருக்கா என்றாள்.
இல்லடா.
இடது கையையும் நீட்டினாள்.